எபிசோட் 47: அம்மாவின் புரை ஆபரேஷன் ஏன் ஐந்து வாரம் தள்ளிப்போனது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

ஆடி மாசம் ரெண்டு எபிசோட் வரவே இல்லை. நிறைய பேர் கேட்டிருந்தீங்க. "வேலை போயிடுச்சா?"ன்னுகூட ஒருத்தர் அக்கறையா விசாரிச்சிருந்தார். வேலை பத்திரமா இருக்கு. நான் ஈரோட்டுல அம்மாவைக் கூட்டிக்கிட்டு கண் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சிட்டு இருந்தேன். இன்னைக்கு அந்தக் கதைதான்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை, கோட் எழுதற ஆள். அம்மாவுக்குக் கொடுத்த மருந்தைக் கேட்டுட்டு நீங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீங்க. ஆனா உங்க வீட்டுல அம்மா, அப்பா, பாட்டி யாருக்காவது புரை ஆபரேஷன் பேச்சு ஓடிக்கிட்டிருந்தா, இதை முழுசா கேளுங்க. நான் பண்ண இருந்த ஒரு தப்பை நீங்க பண்ணாம இருக்கலாம்.

நீலமா, கறுப்பா?

அம்மாவுக்கு வயசு 58. வீட்டோட முன் ரூம்ல தையல் மெஷின் போட்டு, முப்பது வருஷமா ப்ளவுஸ் தைக்கிறாங்க. என் காலேஜ் ஃபீஸ்ல பாதி அந்த மெஷின்ல இருந்துதான் வந்தது.

போன சித்திரையில ஒரு கல்யாணப் பொண்ணுக்கு நேவி ப்ளூ ப்ளவுஸ் தைச்சுக் கொடுத்தாங்க. அந்தப் பொண்ணோட அம்மா அதைத் திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க. "அக்கா, கறுப்பு நூல்ல தைச்சிருக்கீங்க"ன்னாங்க. அம்மா நம்பலை. வெளிய வெயில்ல எடுத்துட்டுப் போய்ப் பாத்தாங்க. கறுப்பு நூல்தான்.

கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் வயசாக ஆகப் பழுப்பேறி மங்கிப்போறதுதான் புரை. அந்தப் பழுப்பு வழியா பாக்கும்போது நீலமும் கறுப்பும் ஒண்ணாத் தெரியும். எதிர்ல வர்ற வண்டி லைட்டு கண்ணைக் கூசும். அம்மாவுக்கு ரெண்டுமே இருந்தது. செக் பண்ணதுல ரெண்டு கண்ணுலயும் புரை, வலது கண்ணுல அதிகம்.

எப்ப ஆபரேஷன் வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணது டாக்டர் இல்லை, பஞ்சாங்கம். ஆடியில கல்யாணம் கிடையாது, ப்ளவுஸ் ஆர்டரும் கிடையாது. ஆவணி பொறந்தா முகூர்த்தம் வரிசை கட்டி நிக்கும். அதனால ஆடி ரெண்டாவது வாரம் ஆபரேஷன், ஆவணியில மறுபடி மெஷின். நானும் ஒன்பது நாள் லீவு வாங்கிட்டு வந்துட்டேன். அந்த லீவுக்காக எங்க மேனேஜர்கிட்ட நான் பட்ட பாடு தனி எபிசோட்.

தண்ணி ஊத்துற கண்ணு வறண்ட கண்ணா?

புரை ஆபரேஷன்ல மங்கிப்போன லென்ஸை எடுத்துட்டு, செயற்கை லென்ஸ் ஒண்ணை உள்ள வெப்பாங்க. அது என்ன பவர்ல இருக்கணும்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே கணக்குப் போட்டாகணும். அதுக்கு முக்கியமா ரெண்டு அளவு வேணும். கண்ணோட நீளம் ஒண்ணு. கருவிழியோட வளைவு இன்னொண்ணு. அதைக் கே ரீடிங்னு சொல்றாங்க.

அம்மா மெஷின்ல தாடையை வெச்சாங்க. வலது கண்ணோட வளைவு 43.75 டயாப்டர்னு வந்தது. அங்க இருந்த டெக்னீஷியன் பொண்ணுக்குத் திருப்தி இல்லை. "அம்மா, நல்லா ரெண்டு தடவை கண்ணை மூடித் திறங்க"ன்னு சொல்லிட்டு மறுபடி எடுத்தாங்க. 45.00. இன்னொரு தடவை எடுத்தா வேற எண். ஒரே கண்ணு, ஒரே மெஷின், நடுவுல பத்து நிமிஷம்கூட ஆகலை. அந்தப் பொண்ணு எழுந்து போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க.

டாக்டர் அம்மா கண்ணுல மஞ்சள் சாயம் தொட்டு வெச்சாங்க. ஃப்ளோரசின்னு பேரு. "இமைக்காம நேராப் பாருங்க"ன்னு சொல்லிட்டு, நீல வெளிச்சத்துல பாத்துக்கிட்டே செகண்டு எண்ணினாங்க. கண்ணு மேல இருக்கிற கண்ணீர்ப் படலம் எத்தனை செகண்டுல உடையுதுன்னு பாக்கற டெஸ்ட் அது. பத்து செகண்டாவது தாங்கணும். அம்மாவுக்கு மூணுல உடைஞ்சது. கருவிழி மேல புள்ளிப் புள்ளியா சாயமும் பிடிச்சிருந்தது. அப்புறம் கீழ் இமையில ஒரு சின்னக் காகிதப் பட்டையைச் செருகி, அஞ்சு நிமிஷத்துல எவ்வளவு தூரம் நனையுதுன்னு பாத்தாங்க. ஷிர்மர் டெஸ்ட். அதுலயும் அளவு குறைவு.

"ட்ரை ஐ இருக்கும்மா. முதல்ல இதைச் சரி பண்ணணும். நாலஞ்சு வாரம் கழிச்சு மறுபடி அளவெடுத்துட்டு ஆபரேஷன் வெச்சுக்கலாம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்திருச்சு. "டாக்டரம்மா, எனக்குச் சாயங்காலமானா கண்ணுல தண்ணியா ஊத்துதுங்க. இது எப்படிங்க வறண்ட கண்ணு?"

நியாயமான கேள்வி. டாக்டர் பொறுமையா விளக்கினாங்க. கண்ணீர்னா வெறும் தண்ணி இல்லை. அடியில கண்ணோட ஒட்டிக்க ஒரு வழவழப்பு, நடுவுல தண்ணி, மேல மெல்லிசா எண்ணெய். அந்த எண்ணெயைச் சுரக்கிறது இமை ஓரத்துல வரிசையா இருக்கிற மைபோமியன் சுரப்பிகள். அது அடைச்சுக்கிட்டா எண்ணெய் வராது. எண்ணெய் இல்லாட்டி தண்ணி சீக்கிரம் ஆவியாயிடும். கண்ணு காஞ்சு எரிச்சல் எடுத்ததும், உடம்பு பதறிப்போய் தண்ணியைக் கொட்டும். வெங்காயம் உரிக்கும்போது வருமே, அந்த மாதிரித் தண்ணி. அது கன்னத்துல வழியும், கண்ணு மேல நிக்காது.

எனக்கு அங்க ஒரு விஷயம் சுருக்குனு குத்துச்சு. ஞாயித்துக்கிழமை வீடியோ கால் பேசும்போதெல்லாம் அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டே இருப்பாங்க. என்னைப் பாக்காம ஏங்குறாங்கன்னு நினைச்சு நானும் உருகுவேன். ரெண்டு வருஷமா. ஒரு தடவைகூட "கண்ணு எரியுதாம்மா?"ன்னு கேட்டதில்லை.

லீவு முடிஞ்சிடுமே

உருகினதெல்லாம் அஞ்சு நிமிஷம்தான். ஆஸ்பத்திரி வாசல்லயே எனக்குக் கோபம் வந்திருச்சு. ஒன்பது நாள் லீவு வீண். அஞ்சு வாரம் தள்ளினா ஆவணி வந்துடும், அம்மாவோட சீசனும் போச்சு. எல்லாம் ஒரு சொட்டு மருந்து சமாச்சாரத்துக்காகவா? பணம் பிடுங்கற வேலையோன்னுகூடத் தோணுச்சு.

ஆட்டோவுல உக்காந்துக்கிட்டே இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வந்துடுங்க, அளவெடுத்து மறுநாளே பண்ணிடலாம்"னு சொன்னாங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம். அவங்களும் டெஸ்ட் பண்ணிப் பாத்துத் தள்ளித்தான் போட்டிருப்பாங்களோ என்னவோ. அந்த நேரத்துல எனக்கு வேணுங்கற பதில் கிடைச்சிருச்சு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கட்டிங் டேபிள் பக்கத்துல உக்காந்து, பக்கெட்டுல லைனிங் துணியை நனைச்சுப் போட்டுக்கிட்டிருந்தாங்க.

"கண்ணு, இந்தத் துணிய எதுக்கு நனைக்கறேன்?"

"தண்ணி பட்டா சுருங்கும்னு."

"நனைக்காம அளவெடுத்து வெட்டித் தெச்சுட்டேன்னு வெய்யி. மொதத் தடவ தொவைக்கறப்பவே லைனிங்கு ஒரு பக்கம் இழுக்கும், மேல்துணி ஒரு பக்கம் இழுக்கும். கொண்டாந்து மூஞ்சில எறிவாங்க. துணின்னா பிரிச்சுத் தெச்சுக் குடுத்துருவேன். கண்ணப் பிரிச்சுத் தெக்கறதாம்மா?"

நான் ஒண்ணும் பேசலை.

"அந்தப் புள்ள மூணு தடவ அளவெடுத்துச்சு, மூணும் வேற வேற. அளவே நிக்கல. நிக்காத அளவ வெச்சுக்கிட்டு எப்படி வெட்டறது? ஆவணிக்கு வர்றவங்கள பக்கத்துத் தெரு சரசக்காகிட்ட அனுப்பிக்கலாம். நீ மெட்ராஸ் போயிட்டு வா சாமி."

முகூர்த்த சீசனை இன்னொருத்தர் கையில கொடுக்கிறதுன்னா ஒரு தையல்காரிக்கு என்னன்னு எனக்குத் தெரியும். அந்த ஒரு மாசத்து வருமானத்துலதான் தீபாவளி ஓடும்.

அந்த எண் எங்கிருந்து வருது?

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. அம்மாவுக்கு உடனே புரிஞ்சது எனக்குப் புரியலையேன்னு லேப்டாப்பைத் திறந்தேன். லென்ஸ் பவர் கணக்கோட பழைய வடிவம் ரொம்ப எளிமையா இருந்தது. 1980-கள்ல பரவலா இருந்த எஸ்ஆர்கே ஃபார்முலா. சாண்டர்ஸ், ரெட்ஸ்லாஃப், கிராஃப்னு மூணு டாக்டர்களோட பேர்ல இருந்து வந்தது. லென்ஸோட மாடலுக்கு ஏத்த ஒரு மாறிலி இருக்கும். அதுல இருந்து, மில்லிமீட்டர்ல கண்ணோட நீளத்தை 2.5-ஆல பெருக்கிக் கழிக்கணும். அப்புறம் கருவிழி வளைவை 0.9-ஆல பெருக்கிக் கழிக்கணும். மிச்சம் நிக்கிறதுதான் லென்ஸ் பவர்.

அம்மாவோட எண்களைப் போட்டுப் பாத்தேன். மாறிலி 118.4. கண்ணோட நீளம் 23.2 மில்லிமீட்டர், அதாவது 58 போச்சு. மிச்சம் 60.4. இப்ப முதல் ரீடிங் 43.75-ஐப் போட்டா 21 டயாப்டர் லென்ஸ். ரெண்டாவது ரீடிங் 45-ஐப் போட்டா 19.9, அதாவது 20 டயாப்டர் லென்ஸ். லென்ஸ் அரை அரை டயாப்டரா வர்றதால, இது ரெண்டு படி வித்தியாசம். லென்ஸ்ல ஒரு டயாப்டர் பிசகினா, ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணாடி பவர்ல முக்கால் டயாப்டர் பக்கம் பிசகும்.

இன்னைக்கு ஆஸ்பத்திரிகள்ல இதைவிட நுணுக்கமான ஃபார்முலாக்கள் வெச்சிருக்காங்க. ஆனா எந்த ஃபார்முலாவா இருந்தாலும் கருவிழி வளைவு உள்ள போயாகணும். நம்ம வேலையிலயும் அதே கதைதானே? சென்சார் தப்பா அனுப்பினா, மேல எவ்வளவு பிரமாதமா கோட் எழுதினாலும் விடை தப்புதான்.

இங்க சென்சார் ஏன் தப்பா சொல்லுச்சு? வளைவை அளக்கிற மெஷின், கண்ணு மேல சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகளை விழ வெச்சு, அது எப்படிப் பிரதிபலிக்குதுன்னு பாக்குது. அந்தப் பிரதிபலிப்பு கருவிழியோட சதையில இருந்து வர்றதில்லை. அதுக்கு மேல இருக்கிற சில மைக்ரான் கனமுள்ள கண்ணீர்ப் படலத்துல இருந்து வருது. அது சீரா இருந்தா அளவு சரியா வரும். அங்கங்க உடைஞ்சு காஞ்சிருந்தா, அலையடிக்கிற தண்ணியில முகம் பாக்கிற மாதிரிதான்.

பவர் மட்டும் பிசகறதில்லை. ட்ரை ஐயால இல்லாத சிலிண்டர் பவர் இருக்கிற மாதிரி தெரியலாம். இருக்கிறது மறைஞ்சும் போகலாம். சிலிண்டரைச் சரி பண்ண டோரிக் லென்ஸ்னு ஒண்ணு இருக்கு, விலை கூட. தப்பான அளவை நம்பினா, தேவையில்லாத லென்ஸைக் கூடக் காசு கொடுத்து வெச்சுக்குவோம். மல்டிஃபோகல் லென்ஸ் வெச்சவங்களுக்கு இன்னும் சிக்கல். அது உள்ள வர்ற வெளிச்சத்தைப் பிரிச்சுத்தான் கிட்டவும் தூரமும் காட்டுது. கண்ணீர்ப் படலம் சரியில்லைன்னா, இவ்வளவு செலவு பண்ணியும் மங்கலாத்தான் தெரியுதுன்னு புலம்புவாங்க.

இன்னொரு பழைய கதையும் கிடைச்சது. கண்ணுக்குள்ள செயற்கை லென்ஸை முதன்முதலா வெச்சவர் ஹெரால்ட் ரிட்லி. 1949, லண்டன், செயின்ட் தாமஸ் மருத்துவமனை. உலகப் போர்ல விமானிகளோட கண்ணுக்குள்ள விமானக் கண்ணாடியோட பெர்ஸ்பெக்ஸ் சில்லு போய்த் தங்கியும் கண்ணு அதைப் பெருசா எதிர்க்கலைன்னு கவனிச்சு, அந்தப் பொருள்லயே லென்ஸ் செஞ்சார். ஆபரேஷன் வெற்றி. ஆனா பவர் பெரிய அளவுல தப்பிப் போய், அந்த முதல் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்திருச்சு. கை சரியா இருந்தது, எண்தான் தப்பு. அதுக்கப்புறம் எழுபது வருஷமா இந்தத் துறை அந்த எண்ணைத் துல்லியமாக்கத்தான் மெனக்கெட்டிருக்கு. நான் லீவு முடியுதேன்னு அந்த எண்ணைக் கைவிடப் பாத்தேன்.

மறுநாள் காலையில ரெண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன்.

அந்த அஞ்சு வாரம்

டாக்டர் முதல்ல மருந்து எழுதலை. "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"ன்னுதான் கேட்டாங்க. அம்மா சுகர் இல்லை, பிரஷர் இல்லைன்னு பெருமையா சொன்னாங்க. துருவித் துருவிக் கேட்டதுல வெளிய வந்தது: பஞ்சுத் தூசிக்குத் தும்மல் வருதுன்னு தினம் ராத்திரி ஒரு அலர்ஜி மாத்திரை, மெடிக்கல் ஷாப்புல சொந்தமா வாங்கி, வருஷக்கணக்கா. அலர்ஜி மாத்திரைகள் பலதும் கண்ணீரைக் குறைக்கும். சில மனநல மாத்திரைகளும் அப்படித்தான். கண் அழுத்தத்துக்கு விடற சொட்டு மருந்துல இருக்கிற பிரிசர்வேட்டிவ்கூடக் கண்ணைக் காய வைக்கலாம். உடனே நிறுத்துங்கன்னு நான் சொல்லலை. டாக்டர்கிட்ட மறைக்காம லிஸ்ட் கொடுங்க, அவங்க மாத்திக் கொடுப்பாங்க.

அப்புறம், பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர், ஒரு நாளைக்கு ஆறு தடவை. வீக்கம் குறைய ஒரு ஸ்டீராய்டு சொட்டு, சில நாளைக்கு மட்டும். இதை டாக்டர் ரெண்டு தடவை அழுத்திச் சொன்னாங்க: பாட்டில்ல மிச்சம் இருக்குன்னு தொடர்ந்து விடக்கூடாது. ஸ்டீராய்டு அதிகமானா கண் அழுத்தம் ஏறும், புரையே அதனால வரும். கூடவே சைக்ளோஸ்போரின்னு ஒரு சொட்டு. அது மெதுவாத்தான் வேலை செய்யும், மாசக்கணக்குல விடணும்னாங்க.

முக்கியமான வைத்தியம் வெந்நீர் ஒத்தடம். இமை ஓரத்துல கட்டியா நிக்கிற எண்ணெய் இளகணும்னா, காலையும் சாயங்காலமும் பத்து நிமிஷம் மிதமான சூடு வேணும். துணியை வெந்நீர்ல நனைச்சு வெச்சா ரெண்டு நிமிஷத்துல ஆறிடும்; திரும்பத் திரும்ப நனைக்கணும். அம்மா ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க: இஸ்திரிப் பெட்டியில துணியைச் சூடு பண்ணிக் கண்ணுல வெச்சுக்கறது! வீடியோ கால்ல பாத்து நான் அலறினேன். நர்ஸும் திட்டினாங்க. இமைத் தோல் ரொம்ப மெல்லிசு, வெந்துடும். மணிக்கட்டு உள்பக்கம் வெச்சுப் பாத்துட்டு, சுடாம இதமா இருந்தா மட்டும்தான் கண்ணுல வெக்கணும். ஒத்தடம் முடிஞ்சதும் விரலால இமையை மெல்ல நீவி, ஓரத்தைச் சுத்தமாத் துடைக்கணும்.

கடைசியா, டேபிள் ஃபேன். நேரா அம்மா முகத்துக்குத்தான் அடிச்சுக்கிட்டிருந்தது, பல வருஷமா. அதைக் கால் பக்கம் திருப்பினோம். ஊசியில நூல் கோக்கும்போதும், ஹெம்மிங் போடும்போதும் அம்மா இமைக்கிறதே இல்லைன்னும் கண்டுபிடிச்சோம். இதுல நான் பெரிய யோக்கியம் இல்லை. நம்ம எல்லாருமே ஸ்கிரீன் பாக்கும்போது இமைக்கிறது பாதிக்கும் கீழ போயிடுது. இதைக் கேட்டதும் இப்ப ஒரு தடவை இமைச்சீங்கதானே?

ஒமேகா 3 மாத்திரை வாங்கி அனுப்பட்டுமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். வேண்டாம்னாங்க. 2018-ல வெளியான ட்ரீம்ங்கற பெரிய அமெரிக்க ஆய்வுல, ட்ரை ஐக்கு ஒமேகா 3 சாப்பிட்டவங்களுக்கும், வெறும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னுதான் வந்திருக்கு.

அஞ்சு வாரம் கழிச்சுப் போனோம். நான் ஒரே ஒரு நாள் லீவுல. அம்மா மறுபடி தாடையை வெச்சாங்க. 44.50. மறுபடி, 44.50. மூணாவது தடவை 44.62. டெக்னீஷியன் பொண்ணு சிரிச்சுட்டாங்க. அம்மா என் பக்கம் திரும்பி, "அளவு நின்னுருச்சு"ன்னாங்க. கணக்குல 20.5 வந்தது. 21-ம் இல்லை, 20-ம் இல்லை.

ஆபரேஷனுக்கு அப்புறம்

ஆபரேஷன் ஆவணி ரெண்டாவது வாரம், கால் மணி நேரம். மறுநாள் கட்டு பிரிச்சாங்க. வீட்டுக்கு வந்ததும் அம்மா போய் நின்ன இடம் நூல் டப்பா. நேவி ப்ளூவை ஒரு கையிலயும் கறுப்பை ஒரு கையிலயும் எடுத்துப் பாத்துட்டு, "இதையாடா ஒண்ணுன்னு நெனச்சேன்"ன்னு அவங்களுக்கு அவங்களே சொல்லிக்கிட்டாங்க.

எல்லாம் மாயமா சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில வாரம் ட்ரை ஐ இன்னும் கூடித்தான் போச்சு. அது எதிர்பாத்ததுதான். கருவிழியில சின்னதா வெட்டும்போது அங்க இருக்கிற மெல்லிய நரம்புகளும் அறுபடும். மைக்ராஸ்கோப் வெளிச்சம், கிருமிநாசினி, அப்புறம் விடற சொட்டு மருந்துன்னு எல்லாம் சேர்ந்து கண்ணைக் காய வைக்கும். பெரும்பாலானவங்களுக்கு மூணு மாசம் பக்கத்துல பழைய நிலைக்கு வந்துடும். முன்னாடியே வைத்தியம் பண்ணினதுக்கு இது இன்னொரு காரணம்; ஏற்கனவே காஞ்ச கண்ணுல இதுவும் சேர்ந்தா, அவஸ்தை ஆபரேஷனாலதான் வந்துச்சுன்னு தோணும். அம்மாவுக்கு இப்ப தூரப்பார்வை கண்ணாடி இல்லாம நல்லா இருக்கு. ஊசி கோக்க கிட்டப்பார்வைக் கண்ணாடி வேணும். அது முன்னாடியே சொன்னதுதான். ஒத்தடமும் சொட்டு மருந்தும் தொடருது. அடுத்து இடது கண்ணு. அதுக்கும் புதுசா அளவெடுப்பாங்க.

நீங்க கேக்க வேண்டியது

அம்மா மட்டும் விதிவிலக்கான்னு தேடிப் பாத்தேன். 2017-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, புரை ஆபரேஷனுக்கு வந்த 136 பேரைப் பரிசோதிச்சிருக்காங்க. அதுல ட்ரை ஐ இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சவங்க 22 சதவீதம்தான். ஆனா முக்கால்வாசிக் கண்கள்ல கருவிழி மேல சாயம் பிடிச்சிருந்தது. பாதிக்கும் மேலான கண்கள்ல படலம் அஞ்சு செகண்டுக்குள்ள உடைஞ்சது. அதாவது "எனக்கு ஒண்ணும் இல்லை"ன்னு சொல்றவங்ககிட்டயும் பாக்கணும். 2019-ல அமெரிக்காவோட புரை அறுவை மருத்துவர்கள் சங்கம் இதுக்கு ஒரு வழிமுறையே வெளியிட்டாங்க. அதுல டாக்டர் செய்ய வேண்டியது நாலு வார்த்தை: பார், தூக்கு, இழு, அழுத்து. இமையைப் பார், மேலிமையைத் தூக்கிப் பார், இழுத்துப் பார், இமை ஓரத்தை அழுத்தி எண்ணெய் வருதான்னு பார். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம்.

நீங்க கூடப் போறவங்களா இருந்தா நாலு கேள்வி கேளுங்க. ஒண்ணு, "ட்ரை ஐ பாத்துட்டீங்களா?" ரெண்டு, "அளவு எத்தனை தடவை எடுத்தீங்க, ஒரே மாதிரி வந்துச்சா?" மூணு, "அளவெடுக்கற அன்னைக்கு எந்தச் சொட்டு மருந்தை விடலாம், எதை விடக்கூடாது?" ஏன்னா அளவெடுக்கறதுக்குச் சற்று முன்னாடி விடற சொட்டுகூட ரீடிங்கை மாத்தலாம். நாலு, "தள்ளிப் போட்டா இந்தக் கண்ணுக்கு ஆபத்து உண்டா?"

நாலாவது கேள்வி முக்கியம். எல்லாரும் காத்திருக்க முடியாது. புரை ரொம்ப முத்தி, கண் அழுத்தம் ஏறி, வலியும் சிவப்புமா இருந்தா அது அவசரம். அப்ப காத்திருக்கச் சொன்னா அதுதான் தப்பு. லேசான ட்ரை ஐன்னா ரெண்டு மூணு வாரமே போதும். எவ்வளவு நாள்ங்கறதை டாக்டர் முடிவு பண்ணட்டும். உங்க லீவு முடிவு பண்ண வேண்டாம்.

போன வாரம் அம்மா கணக்குச் சொன்னாங்க. ஆவணியில சரசக்காகிட்ட அனுப்பினது முப்பத்தி நாலு ப்ளவுஸ். அதுல ஆறு பேர் திரும்ப வரலை, அங்கேயே பழகிட்டாங்க. அம்மாவுக்கு அதுல வருத்தம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. "போகட்டும். அடுத்த தைக்கு யாரு நல்லாத் தெக்கறாங்கன்னு தெரியும்"னாங்க.

அந்த நேவி ப்ளூ ப்ளவுஸை அம்மா பிரிச்சு, நீல நூல்ல தைச்சுக் கொடுத்துட்டாங்க. காசு வாங்கலை.

இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணும்போது, "சாப்பிட்டியா?"வோட நிறுத்தாம "கண்ணு எரியுதா?"ன்னும் ஒரு தடவை கேளுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.